மர லேத்தில் வாத்து ஊதல் கடைவது எப்படி?

மர லேத் வாங்கியவர்கள் முதலில் பேனா கடைவார்கள். அப்புறம் கிண்ணம். அப்புறம் வீட்டில் வைக்க இடமில்லாத அளவுக்குக் கிண்ணங்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய மாநிலங்களில் இந்த வரிசையில் இன்னொரு பொருளும் உண்டு: டக் கால் எனப்படும் வாத்து ஊதல். உள்ளங்கையில் அடங்கும் இரண்டு மரத்துண்டுகள், ஒரு பிளாஸ்டிக் நாக்கு, ஒரு தக்கைத் துண்டு, அவ்வளவுதான். ஊதினால் பெட்டை மல்லார்ட் வாத்தின் குரல் வரவேண்டும்.

லேத்தில் ஒரு கட்டையை உருளையாகக் கடையத் தெரிந்த, ஆனால் ஊதல் செய்து பழகாத ஒருவருக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முன்பே சொல்லிவிடலாம். வெளிப்பக்கத்து வளைவும் பளபளப்பும் சீக்கிரமே கைவந்துவிடும். சத்தம் பிறப்பதோ உள்ளே ஒளிந்திருக்கும் டோன் போர்டு என்ற சின்னப் பகுதியில். புதியவர்கள் நேரத்தையும் விலையுயர்ந்த மரத்தையும் வெளிப்பக்கத்தில் செலவழித்துவிட்டு, டோன் போர்டை அவசரமாக அராவி முடிக்கிறார்கள். பிறகு அந்த ஊதல் அலமாரியில் வைக்க மட்டுமே ஆகிறது.

கொஞ்சம் பின்னணி

வாத்து ஊதலுக்கான முதல் அமெரிக்கக் காப்புரிமை 1870-இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த எலாம் ஃபிஷருக்குக் கிடைத்தது. அது இரண்டு மரப்பட்டைகளுக்கு நடுவே உலோக நாக்கு வைத்த எளிய கருவி. 1811–12 நியூ மாட்ரிட் நிலநடுக்கங்களால் டென்னசியில் உருவான ரீல்ஃபுட் ஏரிக்கரையில் உலோக நாக்கு வைத்த ஊதல் ஒரு தனிப் பாணியாகவே வளர்ந்தது. இல்லினாய் மாநிலத்தின் பீகின் ஊரில் 1904-இல் தொடங்கிய பி. எஸ். ஓல்ட் நிறுவனத்தின் கடின ரப்பர் ஊதலான டி-2, இன்று பெரும்பாலோர் செய்யும் ஆர்கன்சா பாணிக்கு முன்னோடி. லூசியானாவில் நாணல் மூங்கிலிலேயே செய்தார்கள்.

1935-இல் உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்துக் காட்டு வாத்துகளை ஈர்க்கும் வழக்கத்தை அமெரிக்க அரசு தடை செய்தது. அதன்பின் வேட்டைக்காரர்களுக்கு மரத்தாலான போலி வாத்தும் வாயால் ஊதும் ஊதலுமே மிச்சம். அடுத்த ஆண்டே, 1936-இல், நெல் வயல்கள் சூழ்ந்த ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் ஊரில் வாத்து ஊதல் போட்டி தொடங்கியது. உலக சாம்பியன் போட்டி என்ற பெயரில் இன்றும் ஒவ்வொரு ஆண்டும் நன்றி நவிலும் நாளை ஒட்டி அங்கே நடக்கிறது. ஒலிப்பதிவையோ மின்னணுக் கருவியையோ வைத்து வாத்து வேட்டையாடுவது அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி குற்றம். கையால் செய்த ஊதலுக்கு மவுசு குறையாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊதல் செய்ய உரிமம் எதுவும் வேண்டாம். வேட்டைக்குப் போவதென்றால் மாநில உரிமமும், 16 வயது நிரம்பியவர்களுக்கு டக் ஸ்டாம்ப் என்ற கூட்டரசு வேட்டை முத்திரையும் கட்டாயம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே கூடாது. ஊரில் லேத் வைத்திருப்பவர்கள் இதை ஒரு காற்றுக்கருவியாக எண்ணித் தாராளமாகச் செய்யலாம். வேடந்தாங்கலுக்கு எடுத்துப்போய்ப் பறவைகளிடம் சோதித்துப் பார்க்க மட்டும் வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது

வாயில் வைக்கும் நீளமான பகுதி குழல். அதன் மறுமுனையில் இறுக்கமாக நுழைவது செருகு; இன்சர்ட் என்றும் ஸ்டாப்பர் என்றும் சொல்வார்கள். செருகின் பாதிக்கு மேல் குழலுக்குள் மறைந்திருக்கும். அந்த மறைந்த தண்டின் மேற்பாதியைச் சீவி எடுத்துவிட்டால் கிடைக்கும் பரப்புதான் டோன் போர்டு. அதன் நடுவே ஒரு வாய்க்கால் ஓடும். வாய்க்காலின் இருபுறமும் உள்ள விளிம்புகளை ரெயில் என்பார்கள். டோன் போர்டின் மேல் மைலார் என்ற பிளாஸ்டிக் தாளில் வெட்டிய நாக்கு, அதாவது ரீட், படுத்திருக்கும். ரீடின் அடிப்பகுதியை ஒரு தக்கை ஆப்பு அழுத்திப் பிடித்திருக்கும்.

டோன் போர்டு தக்கையின் பக்கம் தட்டையாகத் தொடங்கி, நுனியை நோக்கி மெதுவாகக் கீழே வளைகிறது. ரீட் நேராக நிற்பதால் நுனியில் மெல்லிய இடைவெளி உண்டாகிறது. ஊதும்போது ரீட் அந்த வளைவின் மேல் அடித்து அடித்துத் துடிக்கிறது. அந்தத் துடிப்பு வாய்க்கால் வழியே ஓடி, செருகின் பின்துளையில் சத்தமாக வெளியேறுகிறது. கிளாரினெட்டில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுவே. வளைவு எவ்வளவு, ரெயில்கள் சமமா, ரீட் எவ்வளவு நீளம் என்ற மூன்றும்தான் குரலைத் தீர்மானிக்கின்றன. மரத்தின் பெயருக்கு இதில் பலரும் நினைக்கும் அளவுக்குப் பங்கு கிடையாது.

கருவிகள்

பேனா கடையும் சின்ன லேத்தே போதும். நான்கு தாடை சக் ஒன்று, டெயில்ஸ்டாக்கில் மாட்டும் ஜேக்கப்ஸ் சக் ஒன்று, 5/8 அங்குல டிரில் பிட், வாய்க்காலுக்கு 1/4 அங்குல பிட், பின்துளைக்கு 3/8 அங்குல பிட், ஒரு காலிப்பர். உளிகளில் ரஃபிங் கூஜ், ஸ்பிண்டில் கூஜ், பார்ட்டிங் உளி. கார்பைடு முனை வைத்த உளி இருந்தால் சாணை பிடிக்கத் தெரியாதவர்களுக்கு நிம்மதி. குழலைத் துளைத்த பிறகு பிடித்துக்கொள்ள 5/8 அங்குல விரியும் மாண்ட்ரல் வேண்டும். வாங்க மனமில்லை என்றால் வேண்டாத கட்டையில் லேசாகக் கூம்பிய ஒரு முளையைக் கடைந்து, குழலை அதன்மேல் இறுக்கமாகத் தள்ளி, மறுமுனையை டெயில்ஸ்டாக் கூம்பால் தாங்கிக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது டோன் போர்டு ஜிக். உலோகக் கட்டியில் 5/8 அங்குலத் துளை, மேலே டோன் போர்டின் வளைவு. செருகின் தண்டை உள்ளே விட்டுத் திருகை முடுக்கினால், ஜிக்கின் மட்டத்துக்கு மேலே துருத்தும் மரத்தை அறுத்து, அரத்தால் அராவிச் சமப்படுத்த வேண்டியதுதான். விலை ஒரு நல்ல உளியை விடக் கூடுதலாக இருக்கும். தயங்காமல் வாங்குங்கள். கண்ணால் பார்த்தே வளைவு எடுக்கும் பழைய கைகள் இருக்கிறார்கள். நம் கதை வேறு.

அதற்கும் முன்னால் ஒரு படி உண்டு. டோன் போர்டு, ரீட், தக்கை எல்லாம் சேர்ந்து வார்த்த பிளாஸ்டிக் உள்ளுறுப்பாகவே கடைகளில் கிடைக்கிறது. கட்ஸ் என்று கேட்டால் தருவார்கள். முதல் சில ஊதல்களுக்குக் குழலையும் செருகின் வெளிப்பகுதியையும் மட்டும் கடைந்து, அதற்குள் இதைப் பொருத்திவிடலாம். இதை ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். என்னைக் கேட்டால் இதுதான் சரியான தொடக்கம். சரியாக ஒலிக்கும் ஓர் ஊதல் கையில் இருந்தால்தான், நாம் செய்தது எங்கே பிசகுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

மரம்

வாயின் ஈரம் நேராகப் படும் பொருள் இது. கனமான, நெருக்கமான இழையுள்ள, நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். ஈரத்தில் உப்பும் மரமென்றால் செருகு குழலுக்குள் இறுகிக்கொண்டு வெளியே வராது. கோடையில் சுருங்கித் தானாகவே கழன்று விழும். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைபவர்கள் பழைய வீடுகளிலிருந்து பிரித்த ஆச்சாக் கட்டையைத் தேடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆர்கன்சா, டென்னசி பக்கம் எல்லோருக்கும் பிடித்தது ஓசேஜ் ஆரஞ்சு. உள்ளூரில் போடார்க் என்றும் ஹெட்ஜ் என்றும் சொல்கிறார்கள். கடையும்போது எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். வெயில் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். பண்ணைகளில் வேலிக்கம்பமாகப் பல ஆண்டுகள் நின்ற, வைரம் பாய்ந்த ஹெட்ஜ் கட்டை கிடைத்தால் விடாதீர்கள். வால்நட், செர்ரி, மேப்பிள் ஆகியவை மலிவு, கடைய எளிது. பழகுவதற்கு மேப்பிளே நல்லது. மென்மையான மரத்தில் வெற்றிட முறையில் பிசின் ஏற்றி இறுக்கிய ஸ்டெபிலைஸ்டு கட்டைகளும் கிடைக்கின்றன; ஈரத்துக்கு அசையாது, உளியைத்தான் சீக்கிரம் மழுக்கும்.

கோகோபோலோவும் ஆப்பிரிக்கக் கருமரமும் ஊதலுக்கு மிக உயர்ந்த மரங்கள் என்று பெயர். இரண்டும் நம் ஈட்டி மரத்தின் குடும்பம், டால்பெர்ஜியா. அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் கோகோபோலோ தூள் பலருக்குத் தோலில் கடும் அரிப்பையும் மூச்சிரைப்பையும் கொண்டுவரும். முதல் தடவை ஒன்றும் ஆகாமல், அடுத்தடுத்த தடவைகளில் ஒவ்வாமை தலைகாட்டும். தவிர, 2017 முதல் இந்தப் பேரினம் ஏறக்குறைய முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஊருக்குப் போய்வரும்போது சூட்கேஸில் ஓர் ஈட்டிக் கட்டையைச் சொருகிக்கொண்டு வரலாம் என்ற எண்ணம் வந்தால், அங்கேயே விட்டுவிடுங்கள். ஆவணம் இல்லாத கட்டை விமான நிலையத்தைத் தாண்டாது.

ஒன்றரை அங்குலச் சதுரத்தில் ஆறு, ஏழு அங்குல நீளமாக வரும் கட்டையை கால் பிளாங்க் என்று விற்கிறார்கள். அதை இரண்டாக அறுத்தால் ஒன்று குழல், மற்றது செருகு. அறுப்பதற்கு முன் இழை ஓட்டத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். முடித்துச் செருகும்போது இரண்டின் ரேகைகளும் ஒரே கட்டையாகத் தொடர்ந்து ஓடினால் பார்க்க அழகாக இருக்கும்.

பாதுகாப்பு

லேத் சுழலும்போது கையுறை கூடாது. தளர்ந்த சட்டைக்கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, முடியாத தலைமுடி எதுவும் கூடாது. முழு முகக்கவசம் கட்டாயம். மரத்தூளுக்கு நல்ல மாஸ்க் போடுங்கள். அறுவை சிகிச்சை மாஸ்க்கால் பயன் இல்லை. உப்புத்தாள் தேய்க்கும்போது உளி தாங்கும் ரெஸ்ட்டைக் கழற்றிவிடுங்கள்.

குழலைத் துளைப்பது

முதலில் துளை, அப்புறம்தான் கடைசல். இந்த வரிசை மாறினால் துளை மையம் விலகி, குழலின் ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும்.

சதுரக் கட்டையைச் சக்கில் இறுக்கி, முகத்தைச் சமமாகச் சீவி, சென்டர் டிரில்லால் மையம் குறியுங்கள். பிறகு 5/8 பிட். வேகம் நிமிடத்துக்கு 500 சுற்று போதும். அரை அங்குலம் உள்ளே போனதும் பிட்டை வெளியே இழுத்துச் சீவலைத் தட்டிவிடுங்கள்; மறுபடி உள்ளே. அவசரப்பட்டால் சீவல் அடைத்துக்கொண்டு சூடேறும். சூட்டில் கட்டை உள்ளேயிருந்து வெடிக்கும். எண்ணெய்ப் பசையுள்ள மரங்கள் இதில் முன்னணி.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சின்ன லேத்களில் டெயில்ஸ்டாக் தண்டு இரண்டு, இரண்டரை அங்குலம்தான் நீளும். அதனால் நடுவில் லேத்தை நிறுத்தி, டெயில்ஸ்டாக்கை முன்னே நகர்த்திப் பூட்டி, மீண்டும் தொடர வேண்டியிருக்கும். அடுத்தது, பிட்டை வெளியே எடுக்கும்போது ஜேக்கப்ஸ் சக் தன் கூம்பிலிருந்து கழன்று கட்டையோடு சேர்ந்து சுழல ஆரம்பிக்கலாம். பின்னால் இழுக்கும்போது இடது கையால் ஜேக்கப்ஸ் சக்கின் உடலை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மறுமுனை நெருங்கும்போது மெதுவாகப் போங்கள். பிட் வெளிவரும் இடத்தில் மரம் சிதறும். கட்டையைக் கொஞ்சம் நீளமாக வைத்திருந்தால் சிதறிய பகுதியைப் பின்னால் வெட்டி எறிந்துவிடலாம்.

குழலின் வடிவம்

மாண்ட்ரலில் ஏற்றி, 1500 சுற்றில் சதுரத்தை உருளையாக்கி, பிறகு 2000-க்கு மேல் கொண்டுபோய் வடிவம் எடுங்கள். மூன்று அங்குல நீளமும், தடித்த இடத்தில் ஒன்றேகால் அங்குல விட்டமும் கைக்கு இதமாக இருக்கும். வாய் வைக்கும் முனை மெலிந்து, உதடு பதியும்படி லேசாகக் குழிந்திருக்கட்டும். கூர்மையான விளிம்பு உதட்டை வெட்டும். கழுத்துக் கயிறு கட்ட நடுவில் ஒரு பள்ளம் வேண்டும்.

செருகு நுழையும் முனையில்தான் குழல் பிளக்கும். அங்கே சுவர் தடிமனாக இருக்கட்டும். இல்லையென்றால் பித்தளைப் பூண் போடுங்கள். பூணின் உள்விட்டத்தைக் காலிப்பரில் அளந்து, மரத்தை அதே அளவுக்கு இறக்கி, எபாக்சி தடவி அழுத்திவிட்டால் போதும். பழைய ஊதல்களைச் சேகரிப்பவர்கள் முதலில் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

செருகு

செருகுக் கட்டையில் இரண்டு வேலை. குழலுக்குள் போகும் தண்டை 5/8 அங்குலத்துக்குக் கடைய வேண்டும். இங்கே ஒரு தலைமுடி அளவு கூடினாலும் நுழையாது, குறைந்தாலும் ஆடும். காலிப்பரை மட்டும் நம்பாமல், அதே 5/8 பிட்டால் வேண்டாத கட்டையில் ஒரு துளை போட்டு வைத்துக்கொண்டு அடிக்கடி நுழைத்துப் பாருங்கள். குழலிலேயே சோதித்தால் அதன் வாய் தளர்ந்துவிடும். தண்டின் அடியில் இரண்டு பள்ளம் வெட்டி ரப்பர் ஓ-ரிங் மாட்டினால் பருவநிலை மாற்றம் பெரிதாகத் தொந்தரவு தராது. ஓ-ரிங் போட்டால் தண்டு குழலுக்குள் சற்றுத் தளர்வாகவே இருக்கலாம்.

அடுத்தது துளை. பின்முனையிலிருந்து 1/4 அங்குல பிட்டால் துளைத்துக்கொண்டு வந்து, தண்டின் நுனிக்கு முன்பே நிறுத்த வேண்டும். நுனியில் திடமான மரம் மிச்சம் இருக்க வேண்டும். துளை நுனியையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அந்தச் செருகு கணக்கில் இல்லை. எவ்வளவு ஆழம் என்பது ஜிக்குக்கு ஜிக் மாறும், அதனுடன் வரும் தாளில் போட்டிருப்பார்கள். பிட்டில் ஒட்டுநாடா சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பின்முனையில் மட்டும் கொஞ்ச தூரம் 3/8 பிட்டால் அகலப்படுத்தினால் சத்தம் தாராளமாக வெளிவரும். செருகின் வெளிப்பகுதியை எந்த வடிவத்திலும் கடையலாம். அடியில் லேசாக விரியும் மணி வடிவம் பிடித்து இழுக்க வசதி.

மெருகு

150-இல் தொடங்கி 220, 320, 400, 600 என்று உப்புத்தாள் போடுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் கடைசியில் லேத்தை நிறுத்தி, இழையின் போக்கில் கையால் ஒருமுறை தேய்த்தால் வட்டக் கீறல்கள் மறையும்.

மெருகுக்குப் பலரும் போடுவது சூப்பர் குளூ. மெல்லிய பூச்சுகளாக அடுக்கடுக்காகப் போட்டுத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி நிற்கும், தண்ணீரும் இறங்காது. பூசுவதற்குப் பேப்பர் டவல்தான். பருத்தித் துணி கூடாது. பருத்தியில் சூப்பர் குளூ பட்டால் சட்டென்று கொதிக்கிற அளவுக்குச் சூடாகிப் புகையும். கோகோபோலோ போன்ற எண்ணெய் மரங்களில் முதலில் அசிட்டோனால் துடைத்தால்தான் பசை பிடிக்கும். எனக்கு டங் ஆயிலின் மங்கலான பளபளப்புதான் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு பூச்சும் காய்வதற்குப் பொறுமை வேண்டும்.

எதைப் பூசினாலும் குழலின் உட்சுவரையும் பூசுங்கள். எச்சில் போய் நிற்கும் இடம் அதுதான்.

டோன் போர்டு

இனி லேத்துக்கு வேலை இல்லை; மேசை, வைஸ், அரம்.

தண்டை ஜிக்கில் நுழைத்து, மர ரேகையின் அழகான பக்கம் மேலே வருமாறு திருப்பித் திருகை முடுக்குங்கள். மேலே துருத்தும் மரத்தைச் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுங்கள். ஜிக்கின் மட்டம் வரை அறுக்க ஆசைப்பட வேண்டாம். கொஞ்சம் விட்டு நிறுத்திவிட்டு, மீதியைத் தட்டையான அரத்தால் அராவுங்கள். அரம் ஜிக்கின் இரண்டு பக்க உலோகத்திலும் ஒரே நேரத்தில் தொட்டு வழுக்கும்போது வேலை முடிந்தது. வாய்க்கால் திறந்து, இரண்டு ரெயில்களும் தெரியும். அவற்றின் அகலம் ஒன்றுபோல் இருந்தால் துளை மையத்தில் விழுந்திருக்கிறது. ஒன்று தடித்து ஒன்று மெலிந்திருந்தால் ரீட் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடிக்கும். அதைச் சரிசெய்யப் போராடுவதைவிட இன்னொரு கட்டை எடுப்பது மேல்.

தக்கை உட்காரும் பள்ளத்தையும் ஜிக்கின் காடியைப் பின்பற்றியே வெட்டுங்கள். அதன் தரை டோன் போர்டின் தட்டைப் பகுதியோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அங்கே ஒரு சின்ன மேடு இருந்தாலும் ரீட் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ஜிக்கிலிருந்து எடுத்த பிறகு அரத்தின் மேல் 400, பிறகு 600 உப்புத்தாளைச் சுற்றி, நீளவாக்கில் மிக மிக லேசாகத் தேய்த்து அரத்தின் கீறல்களை எடுங்கள். விரலில் தாளைச் சுற்றித் தேய்க்கக் கூடாது. விரல் மென்மையானது, ரெயில்களின் ஓரத்தை உருட்டிவிடும். ஓரம் உருண்டால் காற்று கசியும், குரல் பஞ்சாகிவிடும். சாளரத்துக்கு எதிரே பிடித்து, ஒரு புது ரீடை மேலே வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். தக்கையின் பக்கம் வெளிச்சம் தெரியக் கூடாது. நுனியை நோக்கிப் போகப் போக மெல்லிய வெளிச்சக் கோடு சீராக விரிய வேண்டும். நடுவில் மேடு பள்ளம் இருந்தால் அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும்.

பூச்சு வேண்டுமென்றால் ஒரே ஒரு மெல்லிய கை, உடனே துடைத்துவிட வேண்டும். தடித்த பூச்சு நீங்கள் பாடுபட்டு எடுத்த வளைவை மூடிவிடும்.

ரீடும் தக்கையும்

0.010 அங்குல மைலார் தாள்தான் வழக்கம். நம் கணக்கில் கால் மில்லிமீட்டர். டோன் போர்டின் அகலத்தைவிட மயிரிழை குறைவாக, நீளம் கொஞ்சம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். நல்ல கூர்மையான கத்தரிக்கோல் வேண்டும். மழுங்கியது ஓரத்தை மடித்துவிடும். நுனியின் இரண்டு மூலைகளையும் சாய்வாக நறுக்குவது வழக்கம். எச்சிலில் ரீட் ஒட்டிக்கொள்வது அதனால் குறையும்.

ரீடை நடுவில் வைத்து, தக்கையைப் பள்ளத்தில் அழுத்துங்கள். தக்கை இறுக்கமாக உட்கார வேண்டும். அதன் முதுகு தண்டின் வட்டத்துக்கு மேல் துருத்தக் கூடாது, துருத்தினால் குழலுக்குள் போகாது. இப்போது செருகைக் குழலில் நுழைத்து ஊதிப் பாருங்கள்.

இரட்டை ரீட் வைக்கும் வழக்கமும் உண்டு. சற்றுக் குட்டையான இரண்டாவது ரீடை மேலே வைத்து, இரண்டும் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒன்றில் சின்னப் புடைப்பு எடுப்பார்கள். ஊத எளிது, கரகரப்பும் தானாக வரும். ஒற்றை ரீடுக்குக் குரலின் வீச்சு அதிகம், போட்டிகளில் ஊதுபவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். நீங்களே ஊதிப் பழகாதவர் என்றால் இரட்டையில் தொடங்குவது மன அமைதிக்கு நல்லது.

ஊதுவதும் சுதி சேர்ப்பதும்

விசில் போல ஊதினால் கீச்சென்றுதான் வரும். கன்னம் உப்பக் கூடாது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க 'ஹா' என்று ஆவி விடுவோமே, அந்தக் காற்று வயிற்றிலிருந்து வரவேண்டும். ஒவ்வொரு குரலையும் தொண்டையில் சட்டென்று வெட்டி முடிக்க வேண்டும். அந்த வெட்டு இல்லாவிட்டால் 'குவாக்' வராது, வெறும் 'குவா'தான். ஐந்தாறு குரல்கள் மேலிருந்து கீழே இறங்கி வரிசையாக வந்தால் அது பெட்டை மல்லார்டின் வரவேற்பு. ஆண் மல்லார்ட் இப்படிக் கத்துவதில்லை, அதன் குரல் தாழ்ந்த கரகரப்பு மட்டுமே.

குரல் தாழ்ந்து மந்தமாக இருந்தால் ரீட் நீளம். நுனியில் நகம் வெட்டுவதைவிட மெல்லியதாகச் சீவி, மறுபடி ஊதுங்கள். மறுபடி சீவுங்கள். குட்டையாக்க ஆக்கக் குரல் ஏறும். கீச்சென்று ஏறிப்போனால் திரும்ப வழியில்லை, புது ரீட்தான். மைலார் மலிவு, ஒரு தாளில் ஏராளமான ரீட் வெட்டலாம். அதனால் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஊதினால் சத்தமே இல்லாமல் அடைத்துக்கொண்டால், முதலில் காற்றைக் குறைத்துப் பாருங்கள்; பலமாக ஊதினால் ரீட் போர்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்போதும் அடைத்தால் வளைவு போதவில்லை. நுனிப் பக்கம் 600 தாளால் நாலைந்து இழுப்பு போட்டு மறுபடி சோதிக்கலாம். ஏகப்பட்ட காற்று செலவாகியும் குரல் எழும்பவில்லை என்றால் நேர்மாறு: வளைவு அதிகமாகிவிட்டது, இடைவெளி பெரிது. போன மரம் திரும்பாது. சற்றுத் தடித்த, 0.014 அங்குல ரீட் வைத்துப் பார்க்கலாம். சரியாக வராவிட்டால் அந்தச் செருகை ஒதுக்கிவையுங்கள்.

இடையிடையே கிறீச்சிட்டால் டோன் போர்டில் கை வைக்காதீர்கள். பெரும்பாலும் தக்கை தளர்ந்திருக்கும், அல்லது ரீட் கோணலாக உட்கார்ந்திருக்கும், அல்லது ரீடுக்கு அடியில் ஒரு மரத்தூள். ரீட், தக்கை, போர்டு என்ற வரிசையில்தான் பழுது தேட வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டும் மாற்றக்கூடியவை.

பராமரிப்பு

சுதி சேர்ந்ததும் கூரான பேனாவால் ரீடிலும் போர்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிடுங்கள். பின்னால் ரீடைக் கழற்ற நேர்ந்தால் அதே இடத்தில் வைக்க அந்தக் கோடுதான் வழி.

ரீடுக்கு அடியில் தூசி சிக்கினால் கழற்ற வேண்டாம். ஒரு டாலர் தாளின் ஓரத்தை ரீடுக்கும் போர்டுக்கும் நடுவே நுழைத்து மெதுவாக இழுத்தால் தூசி அதோடு வந்துவிடும். கசங்காத எந்த ரூபாய்த் தாளும் இதற்கு ஆகும். ஊதி முடித்ததும் செருகைக் குழலிலிருந்து இழுத்து, இரண்டையும் உதறி, தனித்தனியாக நிழலில் காயவையுங்கள். வெயிலில் கிடக்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மரம் வெடிக்கும், மைலார் வளையும். ஈரத்தோடு பூட்டி வைத்த செருகு இறுகிப்போனால் முறுக்கி இழுக்க வேண்டாம், குழல் பிளந்துவிடும். ஓரிரு நாள் உலர்ந்த இடத்தில் விட்டால் தானாகத் தளரும். அப்புறம் தண்டில் 600 தாளால் ஒரு சுற்றுத் தேய்த்து, மெல்லிய பூச்சு ஒன்று கொடுங்கள்.